சீல் பாய் வரைந்த வெள்ளிவிழாக் காசு

திண்டுக்கல்லில் எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டாலும், அது செல்லுபடியாவது தன் தயவால்தான் என்று நம்பி வாழ்கிறவர் சீல் பாய். நாகல் நகரில் அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் கடை. உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். ஸ்டாம்புக்கு எழுத்தை இடவலம் மாற்றி எழுதவேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மளிகைச் சீட்டையும் அப்படித்தான் எழுதுவார். கடைக்காரர் அதைக் கண்ணாடியில் காட்டிப் படித்துவிட்டுத் துவரம்பருப்பை நிறுப்பார்.

எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தது. ஊர்ப் பெருமை சொல்லும் நினைவு நாணயம் ஒன்று அடித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்பதென்று முடிவானது. கடையில் செல்லாது, ஷோகேஸில் செல்லும். படம் வரைவது பாய். நான் செயலாளர், ஆகவே திட்டு வாங்குவது நான்.

முதல் படத்தில் பூட்டு. சங்கத் தலைவர் பூட்டுக்கடைக்காரர். மகிழ்ந்திருக்க வேண்டும்.

"என்ன பாய், பூட்டு தெறந்து கெடக்கு?"

"பூட்டிக் கெடந்தா, ஊருக்குள்ள யாரும் வராதீங்கன்னு அர்த்தமாயிரும் தலைவரே."

"தெறந்து கெடந்தா, எங்க பூட்டு நிக்காதுன்னு அர்த்தமாயிருமய்யா!"

இரண்டு மணி நேரம் விவாதித்து, பூட்டைப் பூட்டி, சாவியை அதிலேயே விட்டுவைத்தோம்.

அடுத்தது மலைக்கோட்டை. பொருளாளர் பிரியாணிக் கடைக்காரர். "பிரியாணி இல்லாம என்னய்யா திண்டுக்கல்லு?" என்று எழுந்துவிட்டார். காசில் மணத்தைக் காட்ட முடியாது. பாய் யோசித்து, மலைக்குப் பின்னால் ஒரு பிரியாணி தேக்சாவை மறைத்துவைத்து ஆவியை மட்டும் மேலே விட்டார். எங்கள் மலை எரிமலை ஆனது. பொருளாளருக்குப் பரம திருப்தி.

காசு அடிப்பவர்கள் கோயம்புத்தூரில். போனில் தெளிவாகச் சொன்னார்கள்: "ஏனுங்க, படத்தை நேராவே வரைஞ்சு அனுப்புங்க. அச்சுக்கு நாங்களே திருப்பிக்கறோமுங்க."

போனை வைத்ததும் பாய் என்னைப் பார்த்தார். "அவிங்க மறந்துட்டா நம்ம பேரு போயிரும். நானே திருப்பிப் போட்டுர்றேன்."

அப்படியே வரைந்து தாளை நீட்டினார். ஓர் எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றால் செயலாளர் கௌரவம் என்னாவது? 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் அதன் நகலைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு, தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் மறக்கவில்லை. பாய் திருப்பியதை அவர்களும் ஒழுங்காகத் திருப்பினார்கள். விழாவுக்கு முதல் நாள் வந்து இறங்கிய காசு அத்தனையிலும் ஊர்ப்பெயர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவசரக் கூட்டம். தலைவர் மேசையைத் தட்டினார். "இதப் பாத்து ஓகே சொன்னவன் யாரு? அவனுக்கு நாளைக்கு மேடையில எடமில்ல, சங்கத்துலயும் எடமில்ல!"

என் கண் பாய் மேல் போனது. என் கையெழுத்துத் தாள் பாயின் சட்டைப் பையில் மடிந்திருந்தது. வெள்ளைச் சட்டை வேறு. என் மை வெளியே தெரிகிற மாதிரியே இருந்தது.

"யாருக்கும் காட்டல தலைவரே. என் திமிருதான்" என்றார் பாய். ஓர் எழுத்து பிசகியதாக அதுவரை எவரிடமும் ஒப்புக்கொண்டிராத மனிதர். தலைவர் வாயைத் திறப்பதற்குள், "செத்த நேரம் அத உள்ளங்கையில வச்சு அழுத்துங்க" என்றார்.

தலைவர் அழுத்தினார். 'திண்டுக்கல்' என்று கையில் நேராகப் பதிந்திருந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு பொருளாளர் கையைப் பிடித்து இழுத்து அதிலும் அழுத்தினார். மறுநாள் விழாவில் மேடைப் பேச்சை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் கையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாய் மட்டும் கடைசி வரிசையில் நின்றார். தலைவர் சொன்ன சொல் தவறாதவர்.

"ஏன் பாய் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க என்னைய நம்பித்தான கையெழுத்துப் போட்டீங்க. அம்புட்டுத்தான்."

நான் நம்பிப் போடவில்லை, புரியாமல் முழித்துக்கொண்டுதான் போட்டேன். அது அவருக்கும் தெரியும். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதும் யாராவது சீல் பாயைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். இரண்டாவது ஆளைச் சிரிக்க விடுவதில்லை.