எதிர்காலத்துக்கான ஓட்டைகள்

மனித குலம் கடலை வென்றது பாய்மரத்தாலும் துணிச்சலாலும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சுத்தப் பொய். கடலை வென்றது பேனல்தான். மீட்டர்களையும் திரைகளையும் வரிசையாகப் பதித்து, சுக்கானுக்கு முன்னால் வைக்கிறார்களே, அந்தப் பலகை. அந்த வெற்றி நிகழ்ந்த நாளில் என் அத்தானின் படகுக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற பாக்கியசாலி நான்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர். கல்யாணமான புதிதில் ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கி, “உன்னை அந்தத் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று அக்காவிடம் சொன்னார். தீவு ஒன்றும் தொலைவில் இல்லை. அக்காவின் சமையலறை ஜன்னலில் நின்றால், அங்கிருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடித்திருக்கிறார்களா இல்லையா என்பதுகூடத் தெரியும். ஆனால் கிளம்புவதற்கு முன் ‘முறையான ஏற்பாடுகள்’ வேண்டாமா? பொறுப்பான மனிதர் அல்லவா, வருடக்கணக்காக ஏற்பாடு செய்துகொண்டே இருந்தார்.

இந்த வருடம் ஏற்பாடுகள் உச்சத்தை எட்டின. பழைய பேனலில் வேகம், ஆழம், காற்று எல்லாம் காட்டும் வட்ட மீட்டர்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, அத்தனையையும் தானே காட்டும் தொடுதிரை ஒன்றை அத்தான் வாங்கிவந்தார். அதைப் பேனலின் ஒரு ஓரத்தில் பொருத்தியாயிற்று. மீட்டர்கள் இருந்த ஓட்டைகள் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “மேல ஒரு பலகைய வச்சு மூடிடலாம் சார். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்” என்றார்.

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. “மூடி மறைக்கிறதுக்கா இவ்வளவு நவீனமாக்கினேன்? புதுப் பேனலே செய்யுங்க. எதிர்காலத்துக்கும் சேர்த்து.”

“எதிர்காலத்துக்குன்னா?”

“நாளைக்கு என்னென்ன கருவி வரப்போகுதோ, யாரு கண்டா? அதுக்கெல்லாம் இப்பவே ஓட்டை போட்டு வச்சிடுங்க.”

“என்ன சைஸ்ல சார்?”

“எல்லா சைஸ்லயும்.”

கருவியை வாங்கிவிட்டு ஓட்டை போடுவது பாமரர் வழி. ஓட்டையைப் போட்டுவிட்டுக் கருவியைத் தேடுவதுதான் தொலைநோக்கு. படகு என்றால் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆட்களுக்கு இது புரியாது.

புதுப் பேனல் வந்தது. சல்லடைக்குக் கைப்பிடி வைத்தது மாதிரி இருந்தது. முதல் தூறலிலேயே எதிர்காலத்துக்கான அத்தனை ஓட்டைகள் வழியாகவும் நிகழ்காலத்துத் தண்ணீர் உள்ளே போய் ஒயர்களை நனைத்தது. உடனே சாப்பாட்டு மேசையில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர் அத்தான். உறுப்பினர் நான். அக்கா ‘பார்வையாளர்’.

“துணிய வச்சு அடைச்சா என்னங்க?” என்றாள் பார்வையாளர்.

“துணி ஒரு கருவி இல்லம்மா” என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஒவ்வொரு ஓட்டைக்கும் அதன் அளவுக்குத் தகுந்த கருவி வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அக்கா எழுந்திருக்கவில்லை. “எனக்கு மாற்றல் ஆர்டர் வந்தாச்சு. திங்கக்கிழமை போய்ச் சேரணும். அந்த ஊர்ல கடலே கிடையாது. ஞாயித்துக்கிழமை ஒரு தடவையாவது தீவுக்குப் போயிட்டு வந்துடலாம்.”

“தாராளமா! அதுக்குள்ள எல்லா ஓட்டையும் நிரம்பிடும். நீ முன்னாடி போய் வீடு பாரு, பேனல் வேலை முடிஞ்சதும் நான் வந்துடறேன்.”

அக்கா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. உறுப்பினர் என்ற முறையில் தலைகுனிந்து டம்ளரைப் பார்த்தேன்.

கருவிகள் வந்து குவிந்தன. ஈரப்பதம் காட்ட ஒன்று, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட ஒன்று, சுற்றுவட்டாரத்தில் போகிற படகுகளைத் திரையில் புள்ளியாகக் காட்ட ஒன்று, மற்ற கருவிகள் வேலை செய்கின்றனவா என்று காட்ட ஒன்று. இத்தனைக்கும் கரண்ட் கொடுத்துப் பேட்டரி மூச்சு வாங்கியது. அதனால் படகுத்துறைக் கம்பத்திலிருந்து நீள ஒயர் இழுத்துச் செருகினார் அத்தான். இனி இந்தப் படகு வழிதவறவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா தொப்பியும் சாப்பாட்டுப் பையுமாகத் துறையில் வந்து நின்றாள். “ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி” என்று அத்தானின் குரல் பேனலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பக்கத்துப் படகு ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அதில் கருவி என்று சொல்ல, கயிற்றில் கட்டிய ஒரு சிவப்பு நாடாதான் இருந்தது.

“அது எதுக்கு?” என்று கேட்டாள் அக்கா.

“காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்லும்.”

“வழிய யாரு சொல்லுவா?”

“வழியா? தீவு அதோ இருக்கேம்மா. நான் அங்கதான் போறேன், வரியா?”

அக்கா எங்கள் படகுக்குள் குனிந்தாள். “ஏங்க, நான் டாக்டரம்மாவோட போயிட்டு வரட்டுமா?”

“ம்ம்... ம்ம். மாப்ள, அந்தப் பச்சை ஒயரைப் பிடி.”

“நான் கேட்டுட்டேன்டா. நீதான் சாட்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கரண்ட் ஒயரைத் தாண்டி அந்தப் படகில் ஏறிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

கடைசி ஓட்டையும் நிரம்பியது. அத்தான் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். பேனல் முழுவதும் ஒளிர்ந்தது. திரையில் ஒரு சின்னப் புள்ளி தீவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அத்தான் அதைத் தொட்டார். தூரம், வேகம், திசை எல்லாம் வரிசையாக வந்தன. கீழே பச்சை எழுத்தில், ‘விலகிச் செல்கிறது. ஆபத்து இல்லை.’

“பாத்தியா மாப்ள! தசமப் புள்ளி வரைக்கும் சொல்லுது!”

“அத்தான், அது யாருன்னா...”

“யாரா இருந்தா என்ன? நம்மள விட்டு விலகித்தானே போகுது. அதான் முக்கியம். உங்க அக்காவக் கூப்பிடு, அவளும் வந்து பாக்கட்டும்.”

மனைவி தன்னை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பதை இத்தனை துல்லியமாக அளந்து, அதைக் கண்டு இத்தனை சந்தோஷப்பட்ட கணவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.