நாலாவது தடவைக்குக் காத்திருப்பவர்

சீனம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களை எங்கள் ஹார்பின் நகர விடுதியில் இரண்டே ரகமாகப் பிரித்துவிடலாம். வந்து ஒரு மாதம் ஆகியும் குளியலறையில் வெந்நீர் எந்தக் குழாயில் வரும் என்று தெரியாமல் நடுங்குகிறவர்கள் ஒரு ரகம். வந்து இரண்டு வருடம் ஆகி, சீனர்களுக்கே சீனாவைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஜலதோஷத்தோடு சரியாகிவிடும். இரண்டாவதற்கு மருந்தே கிடையாது.

இந்த ரகத்து ஆளை அடையாளம் காண்பது சுலபம். கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும், அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இருக்கும், வெந்நீரில் காய்ந்த சிவப்புப் பழங்கள் நாலு மிதக்கும், பக்கத்தில் யாராவது ஒரு அப்பாவி ஐஸ் போட்ட கோலாவைத் திறந்தால் "வயிறு கெட்டுடும்பா!" என்று பிடுங்கி வைப்பார், விடிந்ததும் பூங்காவுக்குப் போய்ப் பெரியவர்களோடு நின்று உடற்பயிற்சி என்று காற்றை மெதுவாகத் தள்ளுவார், தள்ளிவிட்டு அந்தப் பெரியவர்களிடமே "உங்க முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்கணும்" என்று திருத்தமும் சொல்வார். அவர்கள் இப்போது வேறு பூங்காவுக்குப் போகிறார்கள்.

டாக்ஸியில் ஏறினால் "உங்க சீனம் ரொம்ப நல்லாயிருக்கே!" என்ற வாக்கியத்தை ஓட்டுநர் வாயிலிருந்து வரவழைக்காமல் இறங்க மாட்டார். ஐந்து நிமிடத்தில் அது வரவில்லையா? குளிர், நெரிசல், முட்டைக்கோஸ் விலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். பாராட்டு வந்துவிட்டால், "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஏதோ அரைகுறையாத் தெரியும்" என்று தலையைக் குனிந்துகொள்வார். குனிந்த முகத்தில் இருக்கிற பூரிப்பை நீங்கள் பார்க்க வேண்டுமே!

எங்கள் மாடியில் இந்த ரகத்தின் அசல் மாதிரி ஜஸூர். சமர்கண்டிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், சத்தியமாக நல்ல மனிதர். ஆனால் எங்கிருந்தோ அவர் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கட்டிலில் உட்கார வைத்து அதை ஓதுவார்.

"இங்க யாரு எதைக் குடுத்தாலும் மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும். நாலாவது தடவை கேக்கும்போதுதான் வாங்கிக்கணும். முதல் தடவையே கையை நீட்டினா, அலையறான்னு நினைப்பாங்க."

"நாலாவது தடவை கேக்காமப் போயிட்டா என்னண்ணே பண்றது?" என்றாள் எஃபுவா. கானாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"கேப்பாங்கம்மா! இது ஐயாயிரம் வருஷத்து நாகரிகம். கேக்காம எங்க போயிடுவாங்க?"

ஜஸூரைச் சும்மா சொல்லக்கூடாது. விதி பொய்யில்லை. விருந்துக்குப் போனால், பரிசு வாங்கினால், பெரியவர்கள் அப்படிச் செய்வதுதான். விடுதி வாசல் பழக்கடை அம்மாவுக்கு இவர் சங்கதி தெரியும். பழைய வாடிக்கையாளர் என்று ஒரு ஆரஞ்சு இனாமாகக் கொடுக்க நினைத்தால், "இந்தா, இந்தா, இந்தா, இந்தா, பிடி!" என்று நாலையும் ஒரே மூச்சில் முடித்து அவர் கையில் திணித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். வியாபாரம் பார்க்க வேண்டாமா அவளுக்கு?

இப்படியே போயிருந்தால் எனக்கு எழுத விஷயமில்லை. மார்ச் மாதம் வந்தது. ஜஸூரின் உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. "படிச்சது போதும், வந்து கம்பளக் கடையைப் பாரு" என்று அப்பா வாராவாரம் போன் செய்கிறார். இவருக்கோ கம்பளத்தைக் கண்டாலே தும்மல் வரும். ஒரே ஒரு வழி இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான மாகாணப் பேச்சுப் போட்டி. வகுப்புக்கு ஒருவர் போகலாம். போகிறவருக்கு இன்னொரு வருடப் படிப்பு இலவசம்.

ஜஸூர் இரண்டு மாதமாகத் தயார். கண்ணாடி முன்னால், மாடிப்படியில், துணி துவைக்கிற இயந்திரத்துக்கு எதிரில் நின்றெல்லாம் பேசிப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் அந்தப் பேச்சு மனப்பாடமாகிவிட்டது. தலைப்பு, "பணிவே அழகு". யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை, இடம் அவருக்குத்தான்.

ஒரு நாள் சாயங்காலம், கடைசி வகுப்புக்கு ஆசிரியை குவான் ஒரு தாளோடு வந்தார். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். நறுக்கென்று பேசுவார்.

"ஜஸூர், போட்டிக்கு நீ போறியாப்பா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஜஸூர் எழுந்தார். தலையைக் குனிந்தார்.

"ஐயோ டீச்சர், எனக்கு என்ன தகுதி இருக்கு?"

"ஏன், நல்லாத்தானே பேசுற? போறியா இல்லையா?"

"இல்ல டீச்சர், என் சீனம் ரொம்ப மட்டம்."

ஆசிரியையின் புருவம் ஏறியது. "உடம்பு கிடம்பு சரியில்லையா? நிஜமாவே வேண்டாமா?"

"என்னைவிடத் திறமையானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, டீச்சர்."

மூன்று ஆயிற்று. ஜஸூர் நாலாவதை வாங்கிக்கொள்ளத் தயாராகப் புன்னகையை எடுத்து வைத்துக்கொண்டார். சம்மதம் சொல்கிற வாக்கியம்கூட உதட்டுக்கு வந்துவிட்டது.

"சரி, உன் இஷ்டம்," என்றார் ஆசிரியை. "எஃபுவா, நீ போறியா?"

"போறேன் டீச்சர்!"

முடிந்தது. பேனா தாளில் ஓடியது. எடுத்து வைத்த புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜஸூர் நின்றார், பாவம். மணி அடித்ததும் ஆசிரியைக்குப் பின்னால் ஓடி, அவர் அலுவலகத்திலிருந்து வெளியே வரும்போதுதான் பிடித்தார்.

"டீச்சர், நான் சும்மா மரியாதைக்குத்தான் வேண்டாம்னேன்..."

"அடப் பாவி! அதெல்லாம் எங்க பெரியப்பா வீட்டு விருந்துல செய்யறது. பேர் எழுதற தாளுக்குமா மரியாதை? எங்க ஊர்ல வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். மூணு தடவை கேட்டேனே!"

"நாலாவது தடவை கேப்பீங்கன்னு..."

"தாளை ஆபீஸ்ல குடுத்தாச்சு. எஃபுவா ஒத்துக்கிட்டா அஞ்சு மணிக்குள்ள போய் மாத்திக்கோ. அஞ்சடிச்சா அவங்க கதவைச் சாத்திடுவாங்க."

எஃபுவா தங்கமான பெண். கேட்டவுடன் அலுவலகத்துக்கே ஓடினாள், பின்னால் ஜஸூர், அவருக்குப் பின்னால் நாங்கள் பத்துப் பேர். கதவு திறந்திருந்தது. மணி ஐந்தாக இரண்டு நிமிடம்.

"அண்ணே, நான் அடுத்த வருஷம் போறேன். நீங்க போங்க," என்றாள்.

இப்போது அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரி" என்று ஒரு சொல். குழந்தைகூடச் சொல்லும்.

"சேச்சே, உனக்குக் கிடைச்சதை நான் எப்படிம்மா வாங்கிக்கறது?" என்றது ஜஸூரின் வாய். அவர் கண்ணைப் பார்த்தோம், கதறிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

"பரவால்லண்ணே, வாங்கிக்கோங்க."

"வேண்டாம்மா, நீதான் போகணும்."

"யோவ், சரின்னு சொல்லித் தொலையும்யா!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

எஃபுவா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததாயிற்றே! அவசரமாக மூன்றாவது தடவை கேட்டாள். "இல்லம்மா, எனக்கு என்ன தகுதி..." என்று ஆரம்பித்து, அதையும் முழு வாக்கியமாக, அழகாக முடித்தார். எஃபுவா நாலாவது விரலை மடக்கி வாயைத் திறந்தாள். அலுவலகக் கதவு சாத்திக்கொண்டது.

எஃபுவா போட்டிக்குப் போனாள். "பணிவே அழகு" என்று பேசினாள். ஜஸூரே எழுதிக்கொடுத்து, நிற்க, வணங்க, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் பரிசு. கைதட்டியவர்களில் அவர் சத்தம்தான் பெரிது. அன்று இரவு உணவுக்கு அவர் வரவில்லை. எங்களுக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை இறங்கவில்லை.

ஜூனில் அவரை விமான நிலையத்துக்கு அனுப்ப நானும் டாக்ஸியில் போனேன். ஜஸூர் வழியில் நெரிசலையும் எடுக்கவில்லை, முட்டைக்கோஸ் விலையையும் எடுக்கவில்லை. கடைசியில் பெட்டியை எந்தப் பக்கம் இறக்குவது என்று மட்டும் ஓட்டுநரிடம் கேட்டார்.

"அட, உங்க சீனம் ரொம்ப நல்லாயிருக்கே!" என்றார் ஓட்டுநர்.

"ஆமாண்ணே, நல்லாத்தான் இருக்கு," என்றார் ஜஸூர். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தலை குனியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கோ ஹார்பினில் எவனோ ஒருவன் ஏமாந்தான், நமக்கென்ன? போன கல்யாணத்தில் பாயச வாளி இரண்டாவது தடவை வந்தபோது, "ஐயோ, போதும் போதும்" என்று இலைக்கு மேல் கையை விரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விரல்களுக்கு நடுவில் அவ்வளவு இடைவெளி எதற்கு விட்டிருந்தீர்கள்? பரிமாறினவர் நம்மூர்க்காரர், பிழைத்தீர்கள். குவான் டீச்சராக இருந்திருந்தால் வாளி இந்நேரம் பக்கத்து இலைக்குப் போயிருக்கும்.