ஒகினோ முனையில் ஒரு காய்ச்சல்காரர்

முன்பின் எதையும் எழுதிப் பழகாத நான், பிறருடைய சங்கடத்தைக் கதையாக்கத் துணிவது முறையன்று. ஆயினும் தொகாஷி அவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒகினோ முனையின் உச்சியில், ஏப்ரல் மாத இளவெயிலில், தொகாஷி முகக்கவசத்துடனும் புருவம்வரை இறக்கிய தொப்பியுடனும் ஓர் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். கீழே, மணற்கரையை ஒட்டிய பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருந்தன. அவற்றைக் கணவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்பது அவர் மனைவி சுமியேயின் நெடுநாள் ஆசை. ஒவ்வொரு வசந்தத்திலும் தொகாஷி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். கடல்நாய்களோ காத்திராமல் வடக்கே போய்விடும்.

இவ்வாண்டு அழைத்து வந்துவிட்டார். ஆனால் வேலை குவிந்திருக்கும் நாளில், கடல்நாய் பார்ப்பதற்கு விடுப்பு வேண்டுமென்று கேட்க எங்கள் ஊர் அலுவலகங்களில் எவருக்கும் நா எழாது. எனவே அன்று காலை அவர் குளியலறைக்குள் சென்று, குழாயைத் திறந்துவிட்டு, பிரிவுத் தலைவர் முரோயிக்குத் தொலைபேசியில் இருமிக் காட்டி, கடுங்காய்ச்சல் என்று தெரிவித்திருந்தார். சுமியேவுக்கு இது தெரியாது.

"நீங்களா வாய் திறந்து லீவு கேட்டீங்களே, அதுவே எனக்குப் போதும்" என்று அவள் பேருந்தில் சொன்னபோது, தொகாஷி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகக்கவசம் எதற்கென்று அவள் கேட்டதற்கு, மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

முனையில் தொலைக்காட்சிக்காரர்கள் படம்பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒளிவதற்காக அருகிலிருந்த இனிப்புக் கடைக்குள் நுழைந்தார்.

"ஆபீஸ்ல எத்தன பேருங்க?" என்று கடைக்கார அம்மாள் கேட்டாள்.

"பதினாலு பேரு."

அவர் நாக்கு தானாகவே பதில் சொல்லிவிட்டது. வெளியூர் போனவர் அலுவலகத்தார் அனைவருக்கும் இனிப்புடன் திரும்ப வேண்டும். அவர் ஒருமுறைகூட அதில் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவர் இனிப்புடன் எப்படித் திரும்புவார் என்ற எண்ணம் தோன்றுவதற்குள், முனையின் பெயரும் கடல்நாயின் படமும் அச்சிட்ட பெட்டி நாடா கட்டப்பட்டுக் கைக்கு வந்துவிட்டது.

திருப்பிக் கொடுத்தால் கடைக்காரியின் மனம் புண்படும். எறியலாமென்றால் முனை முழுவதும் ஒரு குப்பைத்தொட்டி கிடையாது. மெல்ல ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தார். காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்து, இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, பெட்டியை ஒப்படைத்தார். தொகாஷி அதைவிடத் தாழக் குனிந்து நன்றி சொல்ல நேர்ந்தது.

தின்று தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பலகைக்குப் பின்னால் வந்து நின்று, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அவசரமாகத் தின்னத் தொடங்கினார்.

"என்னங்க, குட்டி தலையத் தூக்குது. சீக்கிரம் வாங்க" என்று சுமியே கைப்பிடி வேலியருகிலிருந்து அழைத்தாள்.

"இதோ, ஒரே நிமிஷம்."

அவர் பின்னால் நின்ற பலகையின் முன்புறத்தில், பருந்துகளுக்கு உணவுப் பண்டங்களைக் காட்ட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நான்காவது இனிப்பையும் தலைத் தொப்பியையும் பருந்து ஒரே பாய்ச்சலில் கொண்டுபோயிற்று. தொகாஷி அலறினார். பெட்டி கைநழுவி, சரிவில் உருண்டு, கீழே பாறையில் மோதியது. கடல்நாய்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் வழுக்கிச் சென்றன. அலறல் கேட்டுத் திரும்பிய கேமரா, வாயோரம் மாவு ஒட்டிய அவர் முகத்தின்மீது நின்றது.

சுமியே வெற்றுப் பாறைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் தொகாஷி புதிய முகக்கவசம் அணிந்து, வாசலிலிருந்தே இருமியபடி அலுவலகம் வந்தார். தொலைக்காட்சிச் செய்தியை எவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுமாறு முரோயி கனிவாகச் சொன்னார். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியுடன் நண்பகலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வழக்கமான பொரித்த மீனும் முட்டைச் சுருளும் இல்லை. உள்ளே குழையக் காய்ச்சிய வெள்ளைக் கஞ்சியும், அதன் நடுவில் உப்பில் ஊறிய ஒரு பிளம் பழமும் மட்டுமே இருந்தன.

"என்ன, கஞ்சிய வச்சுருக்கா?" என்று தமக்குள் முணுமுணுத்தார்.

பக்கத்து மேசையிலிருந்த நோனகா என்ற இளம்பெண் எழுந்து வந்து தலைகுனிந்து நின்றாள். அவள் குடியிருப்பதும் தொகாஷியின் தெருவில்தான்.

"மன்னிச்சுக்கங்க சார். அவரு வாயாலயே ஒருதடவ கேக்கட்டும், கேட்டா மறுக்காம லீவு குடுங்கன்னு உங்க வீட்டம்மா போன மாசமே தலைவர்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. அது தெரியாம, நேத்து நியூஸ்ல உங்களப் பாத்துட்டு, இவ்ளோ ஜுரத்தோட ஏன் கடக்காத்துல நிக்க விட்டீங்கன்னு நான்தான் அவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். விஷயமே அப்பறம் அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

இழந்தவை: ஒரு தொப்பி. ஒரு பெட்டி இனிப்பு, தின்ற மூன்று நீங்கலாக. இவ்வாண்டின் கடல்நாய்கள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு நாள் விடுப்பு. "அதுவே எனக்குப் போதும்" என்று பேருந்தில் சுமியே சொன்ன அந்தச் சொல்.