டீச்சர் பார்த்த அடிதடிப் படம்

“ஒரு பையனோட அப்பா போன் பண்ணினார். உங்களை அந்த ரத்தக்களறிப் படம் ஓடுற தியேட்டர்ல பாத்தாராம். ரொம்பக் கோவமா இருக்கார். மீதியை பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்றாராம்,” என்றார் தாளாளர்.

எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர் அந்த மழலையர் பள்ளித் தலைமையாசிரியை. படத்திலோ கதாநாயகன் அயோக்கியர்களைச் சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றியிருந்தான். வேலைக்கே வேட்டு என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“அது நானில்லை சார், எங்க அக்கா. அச்சு அசலா என்னை மாதிரியே இருப்பா.”

“அப்ப மீட்டிங்குக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்க. சந்தேகம் தீர்ந்துடும்.”

வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவர் அக்காவுக்கு எங்கே போவார்?

“நானேதான் சார். ஆனா ரசிக்கப் போகலை. இந்த மாதிரிப் படம் குழந்தைகளை எப்படிக் கெடுக்குதுன்னு ஆராயப் போனேன்.”

தாளாளர் உருகிவிட்டார். “அடடா! இதையே மீட்டிங்ல பேசிடுங்க!”

மீட்டிங் அன்று குட்டி நாற்காலிகளில் பெற்றோர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வன்முறை பிஞ்சு மனசைக் கெடுக்குது. உதாரணத்துக்கு அந்தப் பாலத்துச் சண்டை. ஒத்தை ஆள், கையில வெறும் கார் கதவு! அதை அப்படியே சுழட்டி...”

கையும் கூடச் சுழன்றது. மேஜையிலிருந்த பூச்சாடி தாளாளரின் மடியில் போய் விழுந்தது.

“என்ன டீச்சர் இது?”

அவ்வளவுதான், தலைமையாசிரியைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆமா சார், ரசிச்சுத்தான் பாத்தேன்! திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தேன்! நாள் முழுக்க, கிளாஸ்ல கடிச்சவனையும் கடிபட்டவனையும் பக்கத்துல உக்காரவெச்சு, ‘கைகுடுத்து ஃப்ரெண்டாயிடுங்க’ன்னு கெஞ்சறேன். கடிச்சவன் சிரிச்சுக்கிட்டே போறான். வெளியில பெரியவங்க உலகமும் அப்படித்தானே இருக்கு? ஒரு படத்துலயாவது தப்பு பண்ணவன் ஜன்னலை உடைச்சுக்கிட்டுப் பறக்கட்டுமே! விசிலடிச்சுட்டு வந்தாதான் மறுநாள் உங்க பிள்ளைங்க கிட்ட எனக்குப் பொறுமை வருது. வேலையை விட்டுத் தூக்குறதா இருந்தா தூக்கிக்கோங்க. அடுத்த பாகத்துக்கும் முதல் ஆளாப் போவேன்!”

அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் போட்டார்.

கடைசி வரிசையில், புகார் கொடுத்த அப்பா குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார்.

“நீங்க படம் பாத்ததை யாரு டீச்சர் குறை சொன்னா? இடைவேளைக்கு முன்னாடியே எழுந்து நின்னு, ‘டேய், அந்த டாக்டரை நம்பாதே, அவன்தான் கொலைகாரன்!’னு ஹீரோவுக்கு விடை சொல்லிக்குடுத்துட்டீங்களே, அதுதாங்க என் புகார்!”