கராமாவில் கட்டிய கட்டலோனியக் கோபுரம்

ஒன்றுமே தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். முழுக்கத் தெரிந்தவனும் அப்படித்தான். நடுவில் தொங்குகிற என்னைப் போன்றவர்கள்தான் ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்போம்.

துபாயின் கராமா பகுதியில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் எனக்கு விற்பனை வேலை. சரக்கில் பாதிக்குமேல் ஸ்பெயினிலிருந்து வரும். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் டைல்ஸ் கண்காட்சிக்கு எங்கள் மேனேஜர் மேத்யூ சார் ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். அந்த ஆண்டு அந்த ஆள் நான்தான் என்று முடிவாகியிருந்தது. (முடிவு செய்தது நான் மட்டும்.)

தகுதியை வளர்த்துக்கொள்ள ஸ்பெயினைக் கரைத்துக் குடித்தேன். வடமேற்கில் கலீசியா: ஓயாத மழை, தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதும் வாத்தியம். பாஸ்க் பகுதியில் நம்மூர் இளவட்டக்கல் மாதிரி கல் தூக்கும் போட்டி. தெற்கே கிரானடாவில் அரபு மன்னர்கள் விட்டுப்போன அரண்மனை. கராமாவில் எங்கள் ரூமில் யாராவது "ஸ்பெயின்னா மாட்டுச் சண்டைதானே?" என்று கேட்டால் போச்சு. "உன்னை எவனாவது ஹிந்திக்காரன்னு சொன்னா விடுவியா? அப்படித்தான்டா அவங்களுக்கும்!" என்று பாய்வேன். ரூம்மேட் காதர், கீழக்கரைக்காரன், எங்கள் ஷோரூமிலேயே கேஷியர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "மச்சான், காலையில டூட்டி இருக்கு. ஸ்பெயின் எங்கயும் ஓடிப்போவாது" என்பான்.

அப்போதுதான் இசபெல் என்ற அம்மையார் வரப்போவதாகச் செய்தி வந்தது. எங்களுக்கு டைல்ஸ் அனுப்பும் தொழிற்சாலையின் ஏற்றுமதி அதிகாரி. கண்காட்சிக்கு அழைப்பு அனுப்புவதும் அவர்தான்.

"வரவேற்புக்கு ஏதாவது செய்யணும்," என்றார் மேத்யூ சார். "ஒரு ஃபிளமெங்கோ டான்ஸ்?"

"சார், அது ஆண்டலூசியா. எல்லாரும் செய்யறது." பரிதாபப்பட்டுச் சிரித்தேன். "நாம மனிதக் கோபுரம் கட்டுவோம். கட்டலோனியா ஸ்பெஷல்."

கட்டலோனியாவில் திருவிழா நாளில் தோள்மேல் தோளாக ஏறி நின்று மாடிவீட்டு உயரத்துக்குக் கோபுரம் கட்டுவார்கள். வெள்ளை பேண்ட், இடுப்பில் இறுகச் சுற்றிய நீளத் துணி. ஏறுகிறவர்கள் அந்தத் துணியில் கால்வைத்துத்தான் மேலே போவார்கள். நாதஸ்வரத்துக்குச் சித்தப்பா பையன் மாதிரி ஒரு குழல் பக்கத்தில் கதறும். வீடியோவில் கோபுரத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம் முண்டியடித்தது. தேர்த்திருவிழாவில் நெருக்குவதுபோல வேடிக்கை பார்க்க வந்த சனம் என்று நினைத்து, அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தேன்.

கோடவுனில் வேலைபார்க்கும் முருகேசன் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் அடியில். அவர்கள் தோளில் நானும் இன்னொருவனும். உச்சியில், ஊதினால் பறக்கிற உடம்பு என்பதால், காதர்.

ஒத்திகை எங்கள் ரூமில். பிரமாதமாக வந்தது. அடுக்குக் கட்டில்களால் நிரம்பிய கராமா ரூமில் விழுவதற்கு இடம் ஏது? இந்தப் பக்கம் சாய்ந்தால் கட்டில், அந்தப் பக்கம் சாய்ந்தால் சுவர். மேலே கூரை இடித்ததால், காதர் ஏறுவதை மட்டும் ஷோரூமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

"தம்பி, வெளியில ஒரு தடவ செஞ்சு பாத்துருவோமா?" என்றார் முருகேசன் அண்ணன். பெரம்பலூர்க்காரர், எதையும் நின்று யோசிப்பவர்.

"ஹலாஸ்ண்ணே, முடிஞ்சுது! எல்லாம் செட் ஆயிடுச்சு."

வெள்ளை பேண்ட் யாரிடமும் இல்லை. வெள்ளை வேட்டி எல்லாரிடமும் இருந்தது. அதை மடித்துக் கட்டி, மேலே சிவப்புத் துண்டு சுற்றினோம். மற்றவர்களுடையது சாதாரண வேட்டி. என்னுடையது, கட்டத் தெரியாதவர்களுக்கென்று இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்துத் தைத்த நவீன வேட்டி.

இசபெல் வந்தார். பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் காப்பியும் கொடுத்து முன்வரிசை சோபாவில் மேத்யூ சார் பக்கத்தில் உட்காரவைத்தோம். "யல்லா!" என்று கத்தினேன். மூன்று பேர் நின்றார்கள். நாங்கள் இருவர் ஏறினோம். கைதட்டல். காதர் "பிஸ்மில்லா" சொல்லி ஏறத் தொடங்கி, என் இடுப்புத் துண்டில் காலை ஊன்றினான்.

சர்ர்ர்ர்ர்!

ஷோரூம் முழுக்கக் கேட்டது. துண்டோடு சேர்ந்து வேட்டியும் கிளம்பிவிட்டது. நான் இரண்டு கைகளையும் விட்டு வேட்டியைப் பிடித்தேன். (மானமா கோபுரமா என்று வந்தால் கை தானாக எங்கே போகும்?) காதர் பறந்துபோய் மேத்யூ சார் மடியில் கைக்குழந்தை மாதிரி விழுந்தான். நான் அட்டைப்பெட்டிக் குவியலில், வாத்துப் படம் போட்ட அரை டிராயரோடு. முருகேசன் அண்ணன் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையாமல், "அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"இறங்குடா!" என்று அலறினார் மேத்யூ சார்.

"சார், நீங்கதான் கட்டிப் புடிச்சிருக்கீங்க. விட்டா இறங்குவேன்," என்றான் காதர்.

இசபெல் என்னிடம் குனிந்து, அடிபட்டதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பிறகு, "உங்க கூட்டம் எங்கே?" என்றார்.

"எந்தக் கூட்டம்?"

"கோபுரத்தைச் சுத்தி நிப்பாங்களே."

"அவங்க வேடிக்கை பார்க்க வந்தவங்க இல்லையா?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், சிரிப்புத் தாங்காமல். "அவங்கதான் கோபுரமே! விழறவங்களைத் தாங்கறதும் அவங்கதான். அது என் புருஷன் ஊர். கல்யாணமான நாளிலேருந்து மாமியார் என்னை அந்தக் கூட்டத்துலதான் தள்ளிவிடறாங்க."

"அப்போ உங்க ஊர்?"

"செவில். ஆண்டலூசியா. நல்ல ஃபிளமெங்கோ பார்த்து ரொம்ப நாளாச்சு," என்று பெருமூச்சுவிட்டார். அப்போது மேத்யூ சார் என்னைப் பார்த்த பார்வைக்கு எழுத்து கிடையாது.

பிறகு இசபெல் தானே கோட்டைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். மேத்யூ சார், பாகிஸ்தானி டிரைவர் பாய், பாத்ரூம் டைல்ஸ் பார்க்க வந்த குடும்பத்தின் அப்பா, எல்லாரையும் வட்டமாக நெருக்கி நிறுத்தினார். "நீ மேலே வேண்டாம்" என்று என்னை அடியில் செருகினார். என் மூக்கு டிரைவர் பாய் முதுகில் அப்பிக்கொண்டது. அத்தர் வாசனை தவிர வேறெதுவும் தெரியவில்லை. திடீரென்று ஆரவாரம். காதர் உச்சியில் நின்று கையை உயர்த்தினானாம். யாரோ ஃபோட்டோவும் எடுத்தார்களாம்.

கண்காட்சிக்கு அழைப்பு வந்தது, உச்சியில் நின்றவர் பெயருக்கு. ஸ்பெயின் என்றால் கால்பந்து மட்டுமே தெரிந்த காதர் என்னிடம் வந்து, "மச்சான், அங்க குளிருமா?" என்றான். வயிறு எரிந்தது. இருந்தாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எந்தப் பகுதியைக் கேக்கறே?" என்று ஆரம்பித்து, அவன் தூங்கும்வரை சொன்னேன்.

ஸ்பெயின் போனதும் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். "மச்சான், இசபெல் மேடம் ஆபீஸ் செவுத்துல நம்ம ஃபோட்டோவைப் பெருசா மாட்டிருக்காங்க. நீயும் இருக்கே!"

"எங்கேடா?"

"டிரைவர் பாய் தோளுக்குக் கீழ ஒரு முழங்கை தெரியுது பாரு."

பெருமை தாங்காமல் அந்தப் படத்தை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டது என் அடுத்த முட்டாள்தனம். அம்மா முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு உறவுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். இப்போது லீவில் ஊருக்குப் போனால், "எப்பப்பா ஸ்பெயின் போறே?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"அவன் முழங்கை அங்கயே செட்டில் ஆயிருச்சு. மிச்ச உடம்புக்குத்தான் இன்னும் விசா வரல!"