தோள் தட்டியும் எழாத டெலேனி

வாழ்க டெலேனி ஹாஃப்மன்! அயோவாவின் சோளக்கடல் நடுவே, மூன்று கிரேக்க எழுத்துகளை மணிமுடியெனச் சூடி, சாயம் உரிந்தும் சாயாது நிற்கும், கல்லூரி மாணவியர் கூடி வாழும் சகோதரியர் இல்லத்தின் தலைவியே, இளஞ்சிவப்புச் சட்டையே கவசமாய், நெஞ்சில் குத்திய பெயரட்டையே கேடயமாய்க் களம் புகுந்த வீராங்கனையே, உன் புகழ் பாடத் துணிந்தோம்!

புதிய மாணவியர் வீடு வீடாக ஏறியிறங்கித் தமக்குரிய இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் போர்க்காலம் அது. எதிர்ச்சாரி மாளிகையில் ஜிகினா தூவி ஆர்ப்பரிக்கும் மங்கையர் பெருஞ்சேனை. இப்பக்கமோ எஞ்சியவர் ஐவர். இம்முறையும் எவளும் சேராவிடில் இல்லத்தை மூடிவிடுவதாகத் தலைமையகம் சொல்லிவிட்டது. சென்ற ஆண்டு சுவர் நிறைய இலக்குகள் எழுதி, அத்தனையிலும் மண்ணைக் கவ்விய டெலேனி, இவ்வாண்டு சோபாவின் மேலேறி முழங்கினாள்:

"இந்த வருஷம் ஒரே இலக்குதான். வர்ற பொண்ணு பேசணும், நாம கேக்கணும்!"

"வழக்கமா வாசல்ல நின்னு பாடுவோமே, அந்தப் பாட்டு?" என்றாள் துணைத்தலைவி பெய்ஜ்.

"கிடையாது."

"கைதட்டு?"

"அதுவும் கிடையாது."

"அப்ப நான் எதுக்குடி இருக்கேன்?"

அன்று மாலை வந்தவள் ஒருத்தியே: ஹோலிஸ், கூச்சமே உருவானவள். தயங்கித் தயங்கி வாய்திறந்தாள். "கால்நடைக் கண்காட்சிப் போட்டிக்கு எங்க ஆட்டைக் கூட்டிட்டுப் போனேன். அது நேரா நடுவரோட கார் மேல ஏறி..."

அந்தோ! புதியவளோடு பேசும் இல்லத்தவளின் தோளை இன்னொருத்தி தட்டினால் எழுந்து இடம் விடவேண்டும் என்பது அவ்வில்லங்களின் தொன்மரபு. தட்டினாள் ஒருத்தி, அமர்ந்தாள், "நீ எந்த ஊரு?" என்று முதலிலிருந்து தொடங்கினாள். ஆடு மறுபடி காரில் ஏறியது. மறுபடி ஒரு தட்டு. இவ்வாறு அவ்வாடு ஏறியதேயன்றி ஒருபோதும் இறங்கியதில்லை. ஹோலிஸின் கண்களோ சன்னல்வழியே எதிர்ச்சாரி ஜிகினாவை நாடின.

அடுத்து அமர்ந்தாள் டெலேனி. ஆடு ஏறிற்று. பின்னிருந்து, மலைமுகட்டினின்று பாயும் வேங்கையென, கோட்டைக்கதவை முட்டும் களிற்றுமருப்பென, மரபின் பாரமெல்லாம் திரண்ட பெய்ஜின் கரம் அவள் தோளில் இறங்கிற்று. டெலேனி அசைந்தாளில்லை. மீண்டும் இறங்கிற்று. புயலில் நிற்கும் கலங்கரை விளக்கம்போல் நின்றாள், உட்கார்ந்தபடியே.

"ஏய், எழுந்திரு, என் முறை!"

"மாட்டேன்."

"தலைவியே முறையை மீறினா எப்படிடி?"

"ஆடு இன்னும் இறங்கலடி!"

வானம் அதிரவில்லை, பூமி பிளக்கவில்லை. பெய்ஜ் ஓங்கிய கையை இறக்கி, "ஆமா, எனக்கும் அதே கவலைதான்" என்று தரையில் அமர, மற்ற மூவரும் அமர்ந்தனர். நடுவர் கவனியாமல் காரைக் கிளப்பியதையும், ஆடு ஊர்நடுவே அரசனைப்போல் பவனி வந்ததையும், தபால் நிலைய வாசலில் தானே இறங்கியதையும் ஹோலிஸ் இருகைகளையும் வீசிச் சொல்லி முடிக்க, ஐவர் எழுப்பிய சிரிப்பொலியில் எதிர்ச்சாரியின் ஆர்ப்பரிப்பே அமுங்கிப்போயிற்று!

மறுநாள் காலை ஹோலிஸ் வந்து அவ்வில்லத்திலேயே சேர்ந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.