சரிங்க சாமியார்

‘முடியாது’ என்ற சொல்லே தெரியாமல் கள்ளக்குறிச்சியில் நடமாடிய ஒரே மனிதர் எங்கள் ஹாஸ்டல் சரிங்க சாமியார்தான். “இப்படி வா” என்றால் சரிங்க. “அப்படிப் போ” என்றால் சரிங்க. “வரவும் வேணாம், போகவும் வேணாம்” என்றால் அதற்கும் ஒரு சரிங்க.

உண்மையில் அவர் சாமியாரே அல்ல. மாதா கோயிலை ஒட்டிய அந்த ஹாஸ்டலில் நாங்களெல்லாம் ஐ.டி.ஐ. படிக்க, அவர் மட்டும் சாமியாருக்குப் படிக்கும் குருமடத்தில் சேரக் காத்திருந்தார். பிறந்தவுடன் மூச்சுத் திணறிய பிள்ளையை, பிழைத்தால் சாமியாராக்குகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தார் அவருடைய அம்மா. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் இந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடுவது கடவுளாக இருக்க வேண்டுமாம். இவரைக் கூப்பிட்டது கடவுளா, அம்மாவா என்பதுதான் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பங்குச் சாமியாரின் தீராத கவலை. சரிங்க சாமியாரிடமே கேட்டால், “நீங்களே சொல்லிடுங்க ஃபாதர்” என்பார்.

பங்குச் சாமியார் ஒருநாள் தெரியாத்தனமாக ஒரு புத்திமதி சொல்லிவிட்டார்.

“துறவிக்கு மூணு வார்த்தைப்பாடுடா. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். உங்கிட்ட காசும் இல்ல, உன்னத் திரும்பிப் பாக்க ஒரு பொண்ணும் இல்ல. மொத ரெண்டும் அதுவா நடந்துக்கினு கீது. மூணாவத மட்டும் நல்லா பழகு.”

“சரிங்க ஃபாதர்.”

அன்றைக்கே எங்களுக்குச் சனி பிடித்தது. மறுநாள் சோப்பு வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவரைக் காணவில்லை. கண்டக்டர் ஒருவர், “ஏறு, ஏறு, உளுந்தூர்பேட்டை ஏறு” என்று கத்தியிருக்கிறார். இவர் ஏறிவிட்டார். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் வாசலில் ஒருவர், “வாங்க, உள்ள வாங்க, சாப்புடுங்க” என்றிருக்கிறார். உள்ளே போய்ச் சாப்பிட்டும் விட்டார். சோப்புக் காசு பஸ் டிக்கெட்டுக்கே போயிருந்தது.

“பையில இன்னா வச்சிருக்க?” என்றாராம் முதலாளி.

“செபமாலைங்க.”

“அப்ப போய் மாவாட்டு.”

“சரிங்க.”

நான் போய் அழைத்துவந்தபோது தலைமுடியெல்லாம் இட்லி மாவு. முகத்தில் மட்டும் அப்படியொரு திருப்தி.

அடுத்தது வெள்ளிமலை. பங்குச் சாமியார் ஏதோ வேலையாக ஜீப்பில் போனபோது இவரையும் கூட்டிப் போனார். அங்கே சாமைக் கொல்லைக்குக் கிளம்பிய ஓர் அம்மா, “தம்பி, இந்த ஆட்டப் பாத்துக்க, வுட்டுட்டுப் போவாத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஜீப் புறப்படும்போது, “ஏறுடா” என்றார் பங்குச் சாமியார். ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள். வேறொருவராக இருந்தால் குழம்பியிருப்பார். இவர் ஆட்டோடு ஏறிவிட்டார். முன் சீட்டில் இருந்த பங்குச் சாமியாருக்கு மலை இறங்கிய பிறகுதான் பின்னாலிருந்து ‘மே’ கேட்டது. ஆட்டை ஒப்படைக்க மறுபடி மலையேறிப் போய், அவர் அந்த அம்மாவிடம் வாங்கிய வசவைப் பிரசங்கத்தில்கூடச் சொல்ல முடியாது.

கடைசியில் குருமடத்திலிருந்து பெரிய ஃபாதர் ஆள் தேர்வுக்கு வந்தார். அவரிடம் ஒரு சோதனை உண்டு. யார் வந்தாலும், “உனக்கு அழைத்தல் இல்லை, வீட்டுக்குப் போ” என்பார். நிஜமாக அழைக்கப்பட்டவன் அழுவான், காலைப் பிடிப்பான், நகர மாட்டான். அவனைச் சேர்த்துக்கொள்வார்.

நம் ஆளிடமும் சொன்னார்.

“சரிங்க ஃபாதர்” என்று கும்பிட்டுவிட்டு இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

காபி கொண்டுபோன நான் பார்க்கிறேன், பெரிய ஃபாதர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “என்னப்பா, நிஜமாவே போயிட்டானா?”

பங்குச் சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “ஓடுடா, அவனப் புடிச்சிக்கினு வா!”

பஸ் ஸ்டாண்டில் அவர் இடுப்பில் யாருடைய குழந்தையோ, கையில் இரண்டு கூடைகள், கக்கத்தில் ஒரு குடை. எல்லாம், ‘கொஞ்சம் புடிப்பா’ என்று ஜனங்கள் கொடுத்தவை.

“சாமியாரே, வாங்க. பெரிய ஃபாதர் கூப்புடுறாரு.”

“அவருதான தம்பி போவச் சொன்னாரு?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அவரு சொன்னாரு, அம்மா சொன்னாங்க, எல்லாத்தையும் வுடுங்க. உங்களுக்கு இன்னா வேணும்?”

அவர் விழித்தார். அதுவரை ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை என்று அந்த முழியிலேயே தெரிந்தது. குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது. அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அப்போது பஸ் வந்தது. கண்டக்டர் நேராக அவரைப் பார்த்தே, “ஏறு, ஏறு” என்றார்.

“முடியாதுங்க” என்றார் சாமியார்.

சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டது. குழந்தை, கூடை, குடை எல்லாவற்றையும் என்மேல் ஏற்றிவிட்டு விறுவிறுவென்று கோயில் பக்கம் நடந்தார். அங்கே பெரிய ஃபாதர்முன் நின்று, “வூட்டுக்குப் போவ மாட்டேங்க. அம்மா நேந்துக்கினதுக்காவ இல்லீங்க, எனக்கே ஆசையா கீது” என்றாராம். பெரிய ஃபாதர் ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்துவிட்டு, எப்போது வந்து சேருகிறாய் என்று கேட்டாராம்.

அவர் குருமடத்துக்குக் கிளம்பிய காலையில் ஹாஸ்டலே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. “வரேன் தம்பி” என்று ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘போகாதீங்க’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் மனிதர் இறங்கிவிடப் போகிறாரே என்று, பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.